யூத மதத்துக்கு மாறலாமான்னு யோசிக்கிறேன், பிரார்த்தனையெல்லாம் எங்கேருந்து கத்துக்க ஆரம்பிக்கிறது?

மல்லி_எடிசன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சில எடிசன்ல இருக்கேன், சொந்த ஊரு கும்பகோணம் பக்கம். பக்கத்து ஊரு ஹைலண்ட் பார்க்ல இருக்கற ஒரு கன்சர்வேட்டிவ் (யூத மதத்துல ஒரு நடுவழிப் பிரிவு) சினகாக்குக்கு (யூதக் கோயில்) வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் போய்ட்டு வந்துட்டு இருக்கேன். மாறணும்னு இன்னும் முடிவா எடுக்கல, ஆனா மனசு ரொம்ப தூரம் போயிடுச்சு. கல்யாணத்துக்காகவான்னு எல்லாரும் கேக்கறாங்க, அப்படி யாரும் என் வாழ்க்கைல இல்ல. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க வீட்டுக்கு ஷபாத் (வெள்ளி சாயங்காலம் தொடங்கற ஓய்வு நாள்) சாப்பாட்டுக்குப் போனேன், அதுக்கப்புறம் தோராவை (மோசேயோட அஞ்சு புத்தகம்) வாரத்துக்கு ஒரு பகுதின்னு படிக்கற வகுப்புல சேந்தேன், அங்க எண்பது வயசு தாத்தாவும் காலேஜ் படிக்கற பொண்ணும் ஒரே ஒரு வரிய வச்சுகிட்டு அவ்ளோ நேரம் வாதாடறாங்க, சோதோம் ஊருக்காக கடவுள்கிட்டயே ஆபிரகாம் பேரம் பேசறதை எவ்ளோ பெருமையா சொல்றாங்க. இத்தனை வருஷமா நான் தேடினது இந்த இடத்தைத்தானோன்னு தோணுது. ரப்பிகிட்டயும் (யூத மதகுரு) பேசிட்டேன், அவசரமே வேண்டாம், ஒரு வருஷம் எல்லாப் பண்டிகையும் எங்களோட இருந்து பாருங்க, அப்புறம் பேசலாம்னு சொன்னார்.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். சர்வீஸ் பூரா ஹீப்ரூ. சித்தூர்ல (பிரார்த்தனைப் புத்தகம்) ஒரு பக்கம் ஹீப்ரூ, எதிர்ப்பக்கம் இங்கிலீஷ், சில பாட்டுக்கு மட்டும் கீழ இங்கிலீஷ் எழுத்துல உச்சரிப்பு இருக்கும். நான் ஒரு வரி முடிக்கறதுக்குள்ள அவங்க ரெண்டு பக்கம் தாண்டிடறாங்க. அமிதாங்கற முக்கியப் பிரார்த்தனை வந்துட்டா எல்லாரும் எழுந்து காலைச் சேத்து வச்சு நின்னு அவங்கவங்களுக்குள்ள முணுமுணுன்னு சொல்றாங்க, அங்கங்க குனியறாங்க, முடிச்சுட்டு பின்னாடி மூணு அடி போறாங்க, நான் புத்தகத்தைப் பிடிச்சுகிட்டு நிக்கறேன். சின்ன வயசுல ஸ்லோகம் கத்துகிட்ட மாதிரி ஒரு நோட்டு போட்டு தமிழ் எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ணலாம்னு ஆரம்பிச்சிருக்கேன், அது சரியான வழிதானா?

இன்னொன்னு ரொம்ப நாளா உறுத்திகிட்டே இருக்கு. வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏத்தும்போது சொல்ற ப்ராக்கால (ஆசீர்வாத வாக்கியம்), தன் கட்டளைகளால எங்களைப் புனிதமாக்கி ஷபாத் விளக்கை ஏத்தும்படி எங்களுக்குக் கட்டளையிட்டவரேன்னு வருது. அந்தக் கட்டளை எனக்கு இன்னும் வரலையே, நான் அதை வாயால சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆகாதா? சொல்லாம ஏத்தலாமா, இல்ல ஏத்தவே கூடாதா? வீட்ல தினமும் என்ன சொல்லலாம், எதை இப்போதைக்கு விட்டுடணும்னு இந்த வழில போனவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். அம்மா வேற கொஞ்ச மாசத்துல இங்க வர்றாங்க, அவங்க வந்து முதல்ல தேடப்போறது சாமி ரூமைத்தான், அதை எப்படி சமாளிக்கப் போறேன்னும் தெரியல.

சிகாகோ_வாசி எழுதியது:

மல்லி மேடம், நானும் கன்சர்வேட்டிவ்லதான் மாறினேன், ஆகி சில வருஷம் ஆச்சு. முதல்ல ஷெமாவைக் (கடவுள் ஒருத்தரேன்னு சொல்ற பிரார்த்தனை) கத்துக்கோங்க. மத்ததெல்லாம் அப்புறம். ஏன்னா அது தோரா வசனம், உபாகமம் 6:4, யார் வேணா சொல்லலாம், நீங்க கேட்ட அந்த எங்களுக்குக் கட்டளையிட்டவரேங்கற வம்பே அதுல இல்ல. காலைலயும் ராத்திரியும் சொல்றது. வலது கையால கண்ணை மூடிகிட்டு முதல் வரியை ஒவ்வொரு வார்த்தையா நிதானமா சொல்லணும், அடுத்து வர்ற பாருஹ் ஷெம் வரியை மட்டும் ரகசியம் பேசற மாதிரி மெதுவா சொல்லுவாங்க, வருஷத்துல யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) அன்னிக்கு மட்டும் அதை எல்லாரும் சத்தமா சொல்லுவாங்க, முதல் தடவை அதைக் கேட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. அப்புறம் மூணு பத்தி வரும், உபாகமம் 6, உபாகமம் 11, கடைசியா எண்ணாகமம் 15. முதல் பத்தி மட்டும் உங்களுக்கு தடங்கல் இல்லாம வந்துட்டா அதுவே பெரிய விஷயம், அதுக்கே டைம் எடுக்கும், எடுக்கட்டும்.

காலைல கண்ணு முழிச்ச உடனே சொல்றது ஒரு சின்ன வரி, பொம்பளைங்க சொல்லும்போது மோதா அனின்னு ஆரம்பிப்பாங்க, என் உயிரைத் திருப்பிக் கொடுத்ததுக்கு நன்றின்னு. அதுல கடவுளோட பேரே வராது, அதனாலதான் கை கழுவறதுக்கு முன்னாடியே படுக்கையில உக்காந்தே சொல்லலாம். அதை இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம் நீங்க.

தமிழ் எழுத்துல எழுதற விஷயம், தயவுசெஞ்சு அதை நீட்டிக்காதீங்க. நமக்கு ப ஒண்ணுதான், அவங்களுக்கு p, b ரெண்டும் தனித்தனி எழுத்து, அப்புறம் தொண்டைலேருந்து வர்ற ஹெத், காஃப், ட்ஸாதி, ஸயின் இதெல்லாம் நம்ம எழுத்துல எழுதினா எல்லாம் ஒண்ணா குழம்பிப் போயிடும், ஒரு தடவை தப்பா மனப்பாடம் ஆயிட்டா அப்புறம் நாக்கு திரும்பாது. எழுத்தையே கத்துக்கோங்க, மொத்தமே 22 எழுத்து, அதுல அஞ்சுக்கு மட்டும் வார்த்தைக் கடைசில வேற உருவம். உயிரெழுத்துக்கு கீழயும் மேலயும் புள்ளி, கோடு போடுவாங்க. இது தமிழ் படிச்ச நமக்கு புதுசே இல்ல, மெய்யெழுத்தோட குறியைச் சேத்து வாசிக்கற பழக்கம் நமக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே வந்துட்டதுதான். கஷ்டம் எங்கன்னா ஒண்ணு மாதிரியே இருக்கற எழுத்துங்க, பேத்தும் காஃபும், தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹெத்தும். பேத்துக்குள்ள ஒரு புள்ளி இருந்தா b சத்தம், இல்லன்னா வ. பெரிய எழுத்து போட்ட சித்தூர் ஒண்ணு வாங்கி விரல் வச்சு, ஏற்கனவே காதுல பழகின பாட்டையே எழுத்துல தேடித் தேடி வாசிங்க. வெள்ளிக்கிழமை பாடற லெஹா தோதி அதுக்கு ரொம்ப நல்லது, 16ஆம் நூற்றாண்டுல ஸஃபேத் ஊர்ல ஷ்லோமோ அல்காபெத்ஸ் எழுதினது, மெட்டு ஏற்கனவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கடைசி சரணத்துல எல்லாரும் எழுந்து வாசப்பக்கம் திரும்பி ஷபாத்தை மணப்பெண்ணா வரவேத்து குனிவாங்க இல்லையா, அந்த இடத்துக்கு நீங்களும் சரியா வந்து சேந்துட்டீங்கன்னா அடுத்த வாரம் இன்னும் ஒரு சரணம் கூட வரும்.

அமிதாவைப் பத்திக் கவலையே படாதீங்க. வார நாள்ல அதுல 19 ப்ராக்கா, ஷபாத்ல ஏழுதான், அதனால உங்களுக்கு ஷபாத் அமிதாதான் சுலபம். தால்முத்துக்கு (யூத சட்ட விவாதத் தொகுப்பு) அடிப்படையா இருக்கற மிஷ்னாலயே, சோதா பகுதி ஏழாம் அத்தியாயத்துல, ஷெமாவும் அமிதாவும் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றதும் எந்த மொழிலயும் சொல்லலாம்னு தெளிவா இருக்கு. அதனால எல்லாரும் முணுமுணுக்கும்போது நீங்க எதிர்ப்பக்க இங்கிலீஷை வாசிக்கலாம், தமிழ்ல மனசுக்குள்ள சொல்லலாம், அது ரெண்டாந்தரம் இல்ல. குனியறது ஆரம்ப ப்ராக்காவோட முதல்லயும் கடைசிலயும், மோதிம்னு வர்ற நன்றி சொல்ற ப்ராக்காவோட முதல்லயும் கடைசிலயும், அவ்ளோதான். பாருஹ்னு சொல்லும்போது முழங்காலை மடக்கணும், அத்தாக்கு குனியணும், கடவுள் பேர் வரும்போது நிமிந்துடணும். வீட்ல சுவரைப் பாத்து நின்னு இந்த அசைவை மட்டும் பழகிப் பாருங்க, உடம்புக்கு அது வந்துட்டா வார்த்தை தானா பின்னாடி வந்து ஒட்டிக்கும்.

கோல்டர்ஸ்கிரீன்_ஜெயா எழுதியது:

அன்பு மல்லி, நான் லண்டன்ல ஆர்த்தடாக்ஸ் வழில படிச்சுகிட்டு இருக்கேன், அதனால நான் சொல்றது கொஞ்சம் கண்டிப்பா தெரியலாம், நல்லதுக்குத்தான் சொல்றேன்.

நீங்க கேட்ட அந்த ப்ராக்கா கேள்வி ரொம்ப சரியான கேள்வி. ஹலாகாலயே (யூத மதச் சட்டம்) அது இருக்கு. பொதுவா மிட்ஸ்வாவுக்கு (கட்டளைக்கு) ப்ராக்கா சொல்லிட்டுத்தான் செய்யணும், ஆனா மதம் மாறறவங்க மிக்வேல (சடங்குக் குளியல் தொட்டி) முங்கும்போது முதல்ல தண்ணில முங்கி எழுந்து அதுக்கப்புறம்தான் ப்ராக்கா. ஏன்னா முங்கறதுக்கு முன்னாடி அவங்க எங்களுக்குக் கட்டளையிட்டவரேன்னு சொல்ல முடியாது, எழுந்த உடனே சொல்லலாம். நீங்க இப்ப உறுத்தலா நினைக்கறதை ரொம்ப காலம் முன்னாடியே பெரியவங்க யோசிச்சு அதுக்கு ஏத்த மாதிரி முறையையே மாத்தி வச்சிருக்காங்க.

அதனால என்ன பண்ணலாம்னா, எங்க ரப்பி எனக்குச் சொன்னது மெழுகுவத்தியை ஏத்து, கண்ணை மூடிகிட்டு உன் வார்த்தைல வேண்டிக்கோ, கட்டளை வர்ற ப்ராக்காவை விட்டுடுன்னு. கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் ரப்பிங்க நிறைய பேர் பழகிக்கறதுக்காக முழுசாவே சொல்லுங்கன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டுக்கும் காரணம் இருக்கு, உங்க ரப்பி என்ன சொல்றாரோ அதைக் கேளுங்க, இணையத்துல ஒருத்தர் சொன்னாங்கன்னு எதையும் முடிவு பண்ணாதீங்க, நான் சொல்றதையும் சேத்துத்தான். ஏத்தற நேரம் மட்டும் கவனமா இருங்க, சூரியன் மறையறதுக்கு 18 நிமிஷம் முன்னாடி ஏத்தறது பரவலான வழக்கம், குளிர்காலத்துல நியூஜெர்சில அது நாலேகால் மணிக்கு முன்னாடியே வந்துடும், ஆபீஸ்ல முன்னாடியே சொல்லி வைக்கணும். பழகும்போது கடவுளோட பேர் வர்ற இடத்துல ஹஷெம்னு (அந்தப் பேர்னு அர்த்தம்) சொல்லிக்கோங்க, யூதக் குழந்தைங்க பாட்டு பாடிப் பழகும்போதும் பல வீட்ல அப்படித்தான், வீணா பேரைச் சொல்லக்கூடாதுன்னு. அச்செடுத்த தாள்ல ஹீப்ரூல அந்தப் பேர் இருந்தா குப்பைல போடாதீங்க, சினகாக்ல அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கும், கெனிஸாக்குப் (பழைய புனிதத் தாள்களைச் சேத்து வைக்கற இடம்) போகும், பின்னாடி மண்ணுல புதைப்பாங்க. சித்தூர் கை தவறி கீழ விழுந்தா எடுத்து முத்தம் கொடுப்பாங்க, நாம புத்தகத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கற மாதிரியேதான், இதைப் பாத்தப்பவே எனக்கு அந்த இடத்து மேல ஒரு உரிமை வந்துடுச்சு.

இன்னொன்னு, எங்க பக்கம் மாறறதுக்கு முன்னாடி ஷபாத்தை முழுசா அனுசரிக்கக் கூடாதுன்னு இருக்கு, தால்முத்ல சன்ஹெத்ரின்ங்கற பகுதில இருந்து வர்றது. அதனால படிக்கறவங்க ஏதாவது ஒரு சின்ன வேலையை, ஒரு வரி எழுதறதோ லைட் போடறதோ, வேணும்னே செய்வாங்க. உங்க சினகாக்ல இதை வலியுறுத்த மாட்டாங்கன்னு நினைக்கறேன், ஆனா தெரிஞ்சு வச்சுக்கோங்க. அதே மாதிரி எந்த வழில மாறறோம்ங்கறதையும் இப்பவே நல்லா விசாரிச்சுக்கோங்க. கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் மாற்றத்தை ஆர்த்தடாக்ஸ் ரப்பிங்க ஏத்துக்கறதில்ல. இஸ்ரேல்ல குடியேறற சட்டத்துக்கு வெளிநாட்டுல நடந்த அந்த மாற்றங்களை ஏத்துக்கறாங்க, அந்த நாட்டுக்குள்ளயே நடந்ததையும் 2021ல சுப்ரீம் கோர்ட் ஏத்துகிச்சு, ஆனா அங்க கல்யாணம் ரப்பினேட் (அரசு சார்ந்த ஆர்த்தடாக்ஸ் ரப்பிங்க அமைப்பு) கைல இருக்கு, அவங்க ஒத்துக்க மாட்டாங்க. இது உங்களைக் கலைக்கறதுக்காக சொல்லல, பத்து வருஷம் கழிச்சு உங்களுக்கோ உங்க குழந்தைக்கோ இது திடீர்னு தெரிய வந்து வலிக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

மல்லி_எடிசன் எழுதியது:

ஜெயாக்கா, அந்த மிக்வே விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். வர்ற வாரமே ரப்பிகிட்ட மெழுகுவத்தி பத்தி கேக்கறேன். சிகாகோ சார், நோட்டை ஓரமா வச்சுட்டேன், அலெஃப் பேத் (ஹீப்ரூ எழுத்து) அட்டை ஒண்ணு வாங்கிட்டேன்.

சாப்பாட்டு ப்ராக்கா பத்தி யாராவது சொல்லுங்களேன். எங்க வகுப்புல ரொட்டிக்கும் திராட்சை ரசத்துக்கும்தான் சொல்லிக் கொடுத்தாங்க, நான் வீட்ல தின்னறது சோறும் இட்லியும், அதுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு அங்க கேட்டா அவங்களுக்கும் புத்தகம் பாத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கு.

தேங்காய்ப்பூ எழுதியது:

மல்லி, இது என் ஏரியா, வாங்க! நான் டொராண்டோ. உங்களுக்கு ஒரு நல்ல சேதி, சாப்பிடற பொருளுக்கு சொல்ற வழக்கமான ப்ராக்கா எதுலயும் கட்டளையிட்டவரேங்கற வார்த்தை வராது. இதைப் படைச்சவரே, இதை மண்ணுலேருந்து வரவைக்கறவரேன்னுதான் வரும். அதனால உங்க உறுத்தல் இங்க வரவே வராது, தைரியமா பழகலாம், பிரார்த்தனையை வீட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாயில எதையாவது போடறோம், அத்தனை தடவையும் ஒரு நிமிஷம் நின்னு யாரு கொடுத்தாங்கன்னு நினைக்க வேண்டியிருக்கு.

ஹமோட்ஸி சொல்றது கோதுமை, பார்லி மாதிரி அஞ்சு தானியத்துல செஞ்ச ரொட்டிக்கு மட்டும்தான். சோறு அதுல வராது. சோத்துக்கு போரே மினே மெஸோனோத், சாப்பிட்டு முடிச்சுட்டு போரே நெஃபாஷோத். அரிசியைப் பத்தி தால்முத்லயே, பெராஹோத்ங்கற பகுதில, பேசியிருக்காங்க, நம்ம சோறு அந்தக் காலத்துலயே அவங்க வாதத்துல இருந்திருக்கு பாருங்க. இட்லி தோசைக்கு உளுந்தும் சேருதே, அதனால அதை மட்டும் ரப்பிகிட்ட மாவு எப்படி அரைக்கறோம்னு விளக்கிச் சொல்லிக் கேளுங்க, எங்க ரப்பி ரொம்ப ஆர்வமா கேட்டார், ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் பாத்தார்.

பழத்துல மரத்துப் பழத்துக்கு ஒண்ணு, மண்ணுல விளையறதுக்கு ஒண்ணு. மாம்பழம், தேங்காய் எல்லாம் மரம், போரே பெரி ஹா எட்ஸ். வாழைப்பழத்துக்கு என்னன்னு நினைக்கறீங்க? மண்ணு, போரே பெரி ஹா அதாமா! அவங்க கணக்குல மரம்னா அதே தண்டு நின்னு அடுத்த வருஷமும் காய்க்கணும். வாழை ஒரு தார் போட்டா அதோட சரி, வெட்டிட்டு பக்கக் கன்னை விடுவோம் இல்லையா, கொல்லைல வாழை வச்ச வீட்டு ஆளுங்களுக்கு இது சொல்லவே வேண்டாம். இங்க கூடப் படிச்சவங்க இந்த விதியை மனப்பாடமா சொன்னாங்க, எனக்கு அதைக் கண்ணால பாத்த மாதிரி இருந்துச்சு. காபி, தண்ணி, இளநீர், இதுக்கெல்லாம் ஷெஹகோல்ங்கற ப்ராக்கா. காலைல காபி டம்ளரைக் கைல எடுத்த உடனே அதைச் சொல்லிப் பழகுங்க, ஒரு வாரத்துல ஒட்டிக்கும்.

ரொட்டிக்கு முன்னாடி கை கழுவறது வேற, அது சுத்தத்துக்கு இல்ல. ரெண்டு பிடி வச்ச கப்புல தண்ணி எடுத்து வலது கைல ரெண்டோ மூணோ தடவை, அப்புறம் இடது கைல அதே மாதிரி ஊத்தணும், மோதிரம் போட்டிருந்தா கழட்டிடணும். துடைச்சுட்டு ரொட்டியைக் கடிக்கற வரைக்கும் பேசக் கூடாது. முதல் தடவை போறவங்க அந்த அமைதியைப் பாத்துட்டு ஏதோ கோவமா இருக்காங்களோன்னு நினைச்சுப்பாங்க. இந்தக் கை கழுவற ப்ராக்கால கட்டளை வரும், அதை மட்டும் ஜெயாக்கா சொன்ன மாதிரி கேட்டுக்கோங்க.

சனிக்கிழமை ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சதும் ஹவ்தலா (ஷபாத்தை முடிச்சு வைக்கற சடங்கு) பண்ணுங்க, என்னைக் கேட்டா கத்துக்கறவங்களுக்கு அதுதான் முதல் சடங்கா இருக்கணும், சின்னது, அழகு, அதோட ப்ராக்கா நாலுலயும் கட்டளை வராது. திராட்சை ரசம், வாசனைப் பொருள், பல திரி சேத்துப் பின்னின மெழுகுவத்தி. வாசனைக்கு நான் அஞ்சறைப்பெட்டிலேருந்து கிராம்பு, பட்டை, கூட நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டு ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச்சிமிழ்ல வச்சிருக்கேன், பாட்டியோட சிமிழ் அது. மெழுகுவத்தி வெளிச்சத்துல கையை மடக்கி நகத்தைப் பாப்பாங்க, வெளிச்சத்தை உபயோகிச்ச பிறகுதான் அதுக்கான ப்ராக்காக்கு அர்த்தம்னு. கடைசில தீயை அந்த ரசத்துலயே முக்கி அணைப்பாங்க, அந்த சத்தம் கேட்டா வாரம் ஆரம்பிச்சாச்சு.

கோஷர் (யூத உணவு விதி) பத்தி நீங்க கேக்கல, ஆனா சைவமா இருந்தா பாதி வேலை முடிஞ்சது, சீஸ், ஒயினுக்கு முத்திரை பாருங்க, கீரைல பூச்சி பாருங்க, அம்புட்டுதான் இப்போதைக்கு.

மூத்தவன்_மெல்போர்ன் எழுதியது:

தங்கச்சி, அம்மா வர்றாங்கன்னு ஒரே வரில எழுதிட்டு விட்டுட்ட, அதுதான் எல்லாத்துலயும் பெருசுன்னு எனக்குத் தெரியும், அதனால அதைப் பத்தி மட்டும் எழுதறேன்.

ஒளிக்காத. அம்மா வர்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடு. சாமி படம் இல்லாத வீட்டுக்குள்ள அவங்க சூட்கேஸோட வந்து நின்னு தெரிஞ்சுக்கறது ரொம்பக் கொடுமை. விக்கிரக வழிபாட்டுல மட்டும் இந்த மதத்துல விட்டுக்கொடுக்கறதே கிடையாது, எந்த ரப்பியைக் கேட்டாலும் பூஜைல கலந்துக்காதன்னுதான் சொல்லுவார், அதை அம்மாகிட்ட மழுப்பினா பின்னாடி வினை. ஆனா அம்மா அவங்க ரூம்ல அவங்க விளக்கை ஏத்திக்கறதுக்கு நீ இடம் கொடுக்கறதா வேண்டாமாங்கறது வேற கேள்வி, நீ இன்னும் மாறவும் இல்ல, அதை உன் ரப்பிகிட்ட மனசு விட்டுப் பேசு. பெத்தவங்களை மதிக்கணும்ங்கறது பத்துக் கட்டளைல ஒண்ணு, மாறினவன் தன்னைப் பெத்த யூதர் அல்லாத அப்பாவை இழிவா நடத்தக் கூடாது, மரியாதை காட்டணும்னு பெரிய யூத சட்ட அறிஞரான மைமோனிதீஸே சட்டமா எழுதி வச்சிருக்கார், இல்லன்னா பெரிய புனிதத்துலேருந்து சின்ன புனிதத்துக்கு வந்துட்டான்னு ஜனங்க சொல்லுவாங்களாம். அம்மாகிட்ட இதைச் சொல்லு. உன்னை எங்ககிட்டேருந்து பிரிச்சுட்டுப் போற மதமோன்னுதான் அவங்களுக்கு பயம்.

நான் வீட்டுக்கு மூத்த பையன். அப்பா போனப்ப கொள்ளி யார் வைக்கறதுன்னு ஊர்ல பெரிய பேச்சாச்சு. தம்பிதான் எல்லாக் காரியமும் பண்ணான், நான் வேட்டி கட்டிகிட்டு கூடவே நடந்தேன், தூக்கினேன், மந்திரம் சொல்லல. சித்தப்பா ஒருத்தர் ரொம்ப நாள் பேசாம இருந்தார். திரும்பி வந்து ரப்பிகிட்ட கேட்டேன், அப்பா யூதர் இல்ல, நான் அவருக்காக கதிஷ் (இறந்தவங்களுக்காக சொல்ற பிரார்த்தனை) சொல்லலாமான்னு. நிறைய ரப்பிங்க தாராளமா சொல்லலாம்னு சொல்றாங்க, அவரும் சொல்லுன்னார். கதிஷ் பெரும்பாலும் அரமேய மொழில இருக்கு, அதுல சாவைப் பத்தி ஒரு வார்த்தை கூட கிடையாது, முழுக்க கடவுளோட பேரைப் புகழறதுதான், தனியா சொல்ல முடியாது, பத்து பேர் இருக்கணும், நீ சொல்லச் சொல்ல அவங்க பதில் சொல்லணும். பெத்தவங்களுக்கு பதினோரு மாசம் சொல்லுவாங்க. குளிருல விடியக் காலைல எங்க அப்பாவை முன்னபின்ன பாத்திராத ஆளுங்க எனக்காக வந்து நின்னு ஆமென் சொன்னாங்க. இன்னும் என்ன எழுதறதுன்னு தெரியல அதைப் பத்தி.

அமிதா முதல் ப்ராக்கால எங்கள் பிதாக்களின் தேவனேன்னு வரும், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுன்னு. எங்க அப்பா தஞ்சாவூர் ஜில்லா விவசாயி, நான் எப்படி இதைச் சொல்றதுன்னு எனக்கு வந்த கேள்வி உனக்கும் வரும். மிஷ்னால பிக்கூரிம்ங்கற பகுதில, மாறினவன் தனியா வேண்டும்போது இஸ்ரவேலின் பிதாக்களின் தேவனேன்னும், சினகாக்ல உங்கள் பிதாக்களின் தேவனேன்னும் சொல்லணும்னுதான் இருக்கு. அதைப் படிச்சுட்டு ஒபதியான்னு ஒரு மாறினவர் 12ஆம் நூற்றாண்டுல மைமோனிதீஸுக்கு கடிதம் எழுதிக் கேட்டார், நான் எங்கள்னு சொல்லலாமான்னு. அவர் எழுதின பதில் இன்னிக்கும் இருக்கு, செஃபாரியாங்கற யூத நூல் இணையதளத்துல தேடினா கிடைக்கும், எல்லாத்தையும் அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை மாத்தாத, யார் யார் இந்த வழிக்கு வர்றாங்களோ அவங்க எல்லாருக்கும் ஆபிரகாம்தான் தகப்பன், உனக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாதுன்னு எழுதியிருக்கார். மாறினதும் ஹீப்ரூ பேர் வைக்கும்போது ஆபிரகாம் சாராளோட மகள்னு வைக்கறதும் அதனாலதான். வார நாள் அமிதால 13ஆவது ப்ராக்காவை எடுத்துப் பாரு, நேர்மையா மாறி வந்தவங்களுக்காகன்னு ஒரு இடம் வரும், ஒரு நாளைக்கு மூணு தடவை உலகம் பூரா யூதர்கள் உனக்காக வேண்டிகிட்டு இருக்காங்க, நீ இன்னும் உள்ள வராதப்பவே.

மல்லி_எடிசன் எழுதியது:

அண்ணா, இதைப் படிச்சு அழுதுட்டேன். அம்மாகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை பேசறேன். கதிஷ் பத்தி எழுதினதுக்கு நன்றி, அதை இவ்ளோ நாள் நான் எழுந்து நின்னு பாத்துகிட்டு மட்டும்தான் இருந்தேன், இனிமே ஆமெனை சத்தமா சொல்லுவேன், அதுக்கு மாறியிருக்கணும்னு இல்லைதானே?

சிகாகோ_வாசி எழுதியது:

மாறியிருக்கணும்னு அவசியமே இல்ல, சொல்லுங்க. மினியன் (அந்தப் பத்து பேர்) எண்ணிக்கைல உங்களைச் சேத்துக்க மாட்டாங்க, தோராக்கு அலியா (மேடைக்கு வந்து ப்ராக்கா சொல்றது) கூப்பிட மாட்டாங்க, அதெல்லாம் பேத் தின்ல (மத நீதிமன்றம்) மூணு பேர் முன்னாடி உக்காந்து, மிக்வே முடிச்சு வந்த பிறகுதான், அது வரைக்கும் பதில் சொல்றதுக்கும் பாடறதுக்கும் யாரும் தடை போட மாட்டாங்க. ரப்பி மூணு தடவை திருப்பி அனுப்புவார்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பைபிள்ல மாமியார் நகோமி மருமக ரூத்தை மூணு தடவை திரும்பிப் போன்னு சொன்னதுலேருந்து வந்த வழக்கம் அது, உங்க ரப்பி அவசரம் வேண்டாம்னு சொன்னதையும் அந்தக் கணக்குல வச்சுக்கலாம். பேத் தின் பத்தி தால்முத்ல யெவாமோத்ங்கற பகுதில என்ன இருக்குன்னா, வர்றவங்களுக்கு சுலபமான கட்டளை கொஞ்சம், கஷ்டமான கட்டளை கொஞ்சம் சொல்லிக் கொடு, ரொம்ப அதிகமா சொல்லி மிரட்டாத, ரொம்ப நுணுக்கமும் பாக்காதன்னு இருக்கு, அதனால எல்லாத்தையும் கத்து முடிச்சாத்தான் ஏத்துப்பாங்கன்னு நினைச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

தோரா கிடைச்சதைக் கொண்டாடற ஷவூத் வருது. அந்தப் பண்டிகைலதான் ரூத் புத்தகத்தை வாசிப்பாங்க. முதல் நாள் ராத்திரி நிறைய சினகாக்ல விடிய விடிய படிப்பு நடக்கும், உங்க ஊர்ல எத்தனை மணிக்குன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க. அதுக்கு ஹீப்ரூ தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, வாதம் பண்ணத் தெரிஞ்சா போதும், அந்த எண்பது வயசு தாத்தாவும் கண்டிப்பா இருப்பார். சாப்பாடும் அன்னிக்கு பால் பலகாரம்தான், உங்களுக்கு ஒரு பிரச்சனையும் வராது.